அம்மா நம்பாத புளிச்சாறு

வல்வெட்டித்துறையிலே பிறந்தவர்களுக்குக் கடல் புதிதன்று. கடலுக்குப் போனவரைக் காத்திருத்தலும் புதிதன்று. எமது ஊர்ப் பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் பர்மாவுக்கும் சென்று மீண்ட காலத்திலும், பின்னர் எமது இளைஞர்கள் அந்நிய நாட்டுச் சரக்குக் கப்பல்களில் மாலுமிகளாய்ச் சேர்ந்த காலத்திலும், கரையிலே நின்ற தாய்மார் காற்றைப் பற்றியும் அலையைப் பற்றியும் கேட்டதைவிட வேறொன்றையே அதிகமாகக் கேட்டனர். "பிள்ளை என்னத்தைச் சாப்பிட்டானோ?" என்பதே அது.

எமது ஊரிலே கட்டப்பட்டு, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து சென்ற புகழ்பெற்ற கப்பல் ஒன்று உண்டு. அமெரிக்கர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கினார். எமது ஊர் மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்திற் சேர்த்தனர். அக்கப்பலுக்கு எமது முன்னோர் இட்ட பெயர் அன்னபூரணி. சோறூட்டும் அம்மையின் பெயரை ஒரு கப்பலுக்கு இட்டார்கள் என்றால், கடலோடியின் வீட்டிலே எந்தக் கவலை பெரிது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் போலும்.

எமது வீட்டிலும் அந்தக் கவலை குடியிருந்தது. அண்ணர் 1977 ஆம் ஆண்டிலே சரக்குக் கப்பல் ஒன்றிற் பணிக்குச் சேர்ந்தார். அவர் புறப்பட்ட நாள் முதலாக அம்மா உலையிலே ஒரு பிடி அரிசியைக் கூடப் போடத் தொடங்கினார். "திடீரெண்டு வந்து நிண்டால் என்ன செய்யிறது?" என்பது அவர் சொல்லும் நியாயம். கப்பல் பிரேசில் தேசத்துத் துறைமுகத்திலே நிற்கின்றது என்று கடிதம் வந்த நாளிலும் அந்த ஒரு பிடி குறைந்ததில்லை. எஞ்சிய சோறு மறுநாட் காலையிலே பழஞ்சோறாய் எமக்கு வந்து சேர்ந்தது. ஆதலின், அண்ணரின் பங்கையும் உண்டு வளர்ந்தவர் நாம் என்று சொல்வதிலே பிழையில்லை.

அம்மாவுக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. வந்த கடிதத்தை உரத்து வாசிப்பதும், அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும், அப்போது பள்ளி மாணவராயிருந்த எமது கடமைகள். 1979 ஆம் ஆண்டிலே வந்த ஒரு வான்கடிதம் இன்றும் நினைவில் நிற்கின்றது. "அம்மா, இந்தக் கப்பலிற் சமையல் செய்பவர் பிலிப்பீன் நாட்டவர். பழப்புளி விட்டு, மீனும் இறாலும் பயற்றங்காயும் போட்டுச் சாறு வைக்கிறார். குடித்தபோது உங்கள் கூழ் நினைவு வந்தது. அவர்கள் ஊரிலே புட்டும் உண்டாம், பெயரும் அதுவேயாம். நான் நன்றாய்ச் சாப்பிடுகிறேன். யோசிக்க வேண்டாம்" என்று அண்ணர் எழுதியிருந்தார்.

அம்மா கடிதத்தை வாங்கி, வாசிக்க இயலாத அந்த எழுத்துகளைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர், "பிலிப்பீன்காரனுக்குப் புட்டு எப்பிடித் தெரியும்? நான் அழுவன் எண்டு பிள்ளை கதை கட்டுறான்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நாம் சிரித்தோம். மூங்கிற் குழலும் நீற்றுப்பெட்டியும் யாழ்ப்பாணத்துக்கே உரியவை என்று எண்ணியிருந்த வயது அது. அன்றைய பதிற் கடிதத்தை அம்மா சொன்னபடியே எழுதினோம். கடைசி வரி மட்டும் அவர் சொன்னதன்று, நாமாகச் சேர்த்தது. "அண்ணை, அம்மாவுக்குப் பொய் எழுத வேண்டாம்."

அதன்பின் வந்த கடிதங்களிலே துறைமுகங்களின் பெயர்கள் இருந்தன. மழையும் குளிரும் இருந்தன. அனுப்பிய பணத்தின் விபரம் இருந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. விடுமுறையில் வந்தபோதெல்லாம் அம்மா இரட்டிப்பாய்ப் பரிமாறுவார். அண்ணர் மறுக்காமல் உண்பார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. 1987 ஆம் ஆண்டு மே மாதத்திலே வடமராட்சியில் நடைபெற்ற இராணுவ நடவடிக்கையின்போது நாம் வீட்டை விட்டு ஓடினோம். கடிதப் பெட்டி வீட்டோடு அழிந்தது. அம்மா 1994 இலும், அண்ணர் 2014 இலும் காலமாயினர்.

இனி, 2022 ஆம் ஆண்டு மார்கழி மாதத்துக்கு வருவோம். அண்ணரின் மகன் கனடாவிலே, ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியிலே, குடும்பத்தோடு வாழ்கின்றார். அவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். 1983 இற்குப் பின்னர் எமது மக்கள் பெருந்தொகையாய்ச் சென்று குடியேறிய இடம் அது. ஒடியல் மாவும் முருங்கைக்காயும் கருவாடும் அங்கே கடைகளில் வாங்கலாம். ஆதலினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து, "சித்தப்பா, இண்டைக்கு அப்பாவின்ர கடைக்குப் போவம்" என்றபோது, ஏதோ தமிழர் கடையென்றே எண்ணிக்கொண்டு பனியிலே புறப்பட்டோம்.

காரை நிறுத்திய இடத்திலே ஒரு சிறிய உணவுச்சாலை இருந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்தபின்பே அது பிலிப்பைன்ஸ் நாட்டவரின் கடை என்பது விளங்கிற்று. "அப்பா இஞ்ச ரண்டு முறை வந்து நிண்டவர். ரண்டு முறையும், ஏர்போட்டாலை வந்த மற்ற நாளே இங்கதான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவர்" என்றார் மகன். நாம் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றோம்.

உள்ளே நுழைந்தவுடன் முதல் அதிர்ச்சி காத்திருந்தது. பரிமாறும் பெண் மலர்ந்த முகத்தோடு எதிர்வந்து ஏதோ கூறி, முடிவிலே "போ" என்றாள். வந்தவரைப் போகச் சொல்லும் உபசாரம் உலகில் வேறெங்கும் கண்டதில்லை. மகன் சிரித்துக்கொண்டு விளக்கினார். அவர்களுடைய தகாலோக் மொழியிலே "போ" என்பது பெரியோரோடு பேசும்போது சேர்க்கும் மரியாதைச் சொல்லாம். நாம் "வாங்கோ", "இருங்கோ" என்று சொல்லின் ஈற்றிலே மரியாதையை வைப்பதுபோல, அவர்கள் "போ" வைக்கின்றார்கள். அக்கடையிலே யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. மூத்த ஆண் "கூயா", அதாவது அண்ணன். மூத்த பெண் "ஆத்தே", அதாவது அக்கா. எம்மைப் பார்த்து அப்பெண் "லோலோ" என்றாள். பாட்டனாரைக் குறிக்கும் சொல் அது. முறை சொல்லி அழைக்கும் மக்களிடம் வந்திருக்கின்றோம் என்ற எண்ணம் கூச்சத்தைப் பாதி குறைத்தது.

மகன் எம்மைக் கேளாமலே உணவுக்குச் சொல்லியிருந்தார். முதலில் வந்தது ஒரு பெரிய கோப்பை நிறையச் சாறு. அதன் பெயர் "சினிகாங்". ஆவியோடு எழுந்த வாசனையிலே புளி இருந்தது. கரண்டியால் துழாவிப் பார்த்தோம். இறால், மீன்துண்டு, பயற்றங்காய், வெண்டிக்காய், முள்ளங்கி, கங்குன் கீரை, முழுதாய்க் கிடந்த ஒரு பச்சை மிளகாய். ஒரு கரண்டி வாயில் வைத்தோம். ஒடியல் மாவின் தடிப்பு இல்லை. செத்தல் மிளகாயின் உறைப்பு இல்லை. ஆயினும் அந்தப் புளிப்பு, இறாலின் இனிமையோடு கலந்து தொண்டையில் இறங்கிய அந்தப் புளிப்பு, முற்றத்திலே பிளாவைக் கையில் ஏந்தி நின்ற ஒரு மாலைப்பொழுதிலே எம்மைக் கொண்டுபோய் விட்டது.

"என்ன புளி விடுகிறவை?" என்று கேட்டோம். "சம்பாலோக் எண்டு சொல்லுவினம். எங்கட புளியம்பழந்தான். பிஞ்சாயிருக்கேக்கையும் போடுவினம்" என்றார் மகன்.

அண்ணர் பொய் எழுதவில்லை. மீன், இறால், பயற்றங்காய், புளி என்று அவர் கடிதத்திலே எழுதிய வரிசை அப்படியே கோப்பையிற் கிடந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு வரி அந்த மேசையிலே எம்மை நிமிர்ந்து பார்க்க விடவில்லை. மருமகள், "சித்தப்பா, உறைப்புக் காணாதோ?" என்று பரிவோடு கேட்டாள். "காணும், பிள்ளை" என்று மட்டும் சொன்னோம்.

அந்நாட்டினரின் சமையலிலே புளிப்பு இவ்வளவு இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. 7,000 இற்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட வெப்ப நாடு அது. மீனும் இறைச்சியும் விரைவிற் கெடும். புளியும் வினாகிரியும் அதனைத் தடுக்கும். அவர்களுடைய "அடோபோ" என்னும் கறியிலே இறைச்சியை வினாகிரி, உள்ளி, மிளகு, சோயா இவற்றோடு வேகவைக்கின்றார்கள். அது மறுநாளும் கெடாது. மறுநாளே அதற்குச் சுவை அதிகம் என்பர். வினாகிரியையும் தென்னங் கள்ளிலிருந்தே எடுக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. புளி விட்டு வற்றவைத்த மீன்கறி அடுத்த நாளிலே ருசிக்கும் என்பதை அறிந்த எமது ஊர்ப் பெண்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்த கறியின் பெயர் "கரே-கரே". நிலக்கடலையை அரைத்துச் செய்யும் தடித்த குழம்பு அது. வழக்கமாக மாட்டு வாலை இட்டுச் சமைப்பார்கள். எமது வழக்கம் அறிந்த மகன், கடலுணவு இட்டதைக் கேட்டு வாங்கியிருந்தார். அதனுடன் ஒரு சிறு கிண்ணத்திலே செந்நிறமாய் ஒன்றை வைத்தனர். மருமகள் மூக்கைச் சுளித்தாள். எமக்கோ அந்த மணம் எங்கிருந்து வருகின்றது என்பது உடனே விளங்கிற்று. எமது கரையிலே வெயிலிற் காயவிடும் கூனி இறாலை அவர்கள் உப்பிலே ஊறவைத்துப் புளிக்கச் செய்கின்றார்கள். "பகோஓங்" என்பது அதன் பெயர்.

"கரே" என்னும் சொல்லைக் கேட்டபோது பன்னிரண்டு வயதுப் பேத்தி, "அப்பப்பா, அது கறியா?" என்றாள். நல்ல வினா. அதற்கு ஒரு கதையை அவளுக்குச் சொன்னோம். 1762 ஆம் ஆண்டிலே, இங்கிலாந்துக்கும் ஸ்பானியாவுக்கும் போர் நடந்த காலத்தில், ஆங்கிலக் கப்பற்படை ஒன்று சென்னைப் பட்டினத்திலிருந்து புறப்பட்டுச் சென்று மணிலா நகரைக் கைப்பற்றியது. அப்படையிலே சென்னையிற் சேர்க்கப்பட்ட சிப்பாய்களும் இருந்தனர். 1764 இல் ஆங்கிலேயர் நகரை விட்டு நீங்கினர். சிப்பாய்களிற் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்கு அருகிலுள்ள கைந்தா என்னும் ஊரிலே மணம்செய்து தங்கிவிட்டனர். அவர்கள் தமது ஊர்க் கறியை நினைந்து, கிடைத்த பொருள்களைக் கொண்டு சமைத்ததே கரே-கரே என்று அந்நாட்டிலே ஒரு கதை வழங்குகின்றது. வேறு விதமாய்ச் சொல்வாரும் உளர். கதை மெய்யோ அன்றோ, சென்னைச் சிப்பாய்கள் அங்கே தங்கியது மெய்.

"அவையின்ர அம்மாமாருக்குத் தெரியுமா, அவை அங்கயே நிண்டிட்டினம் எண்டு?" என்று பேத்தி கேட்டாள். அந்த வினாவுக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

பக்கத்து மேசையிலே ஒரு முதியவர் வாழையிலையிற் பரப்பிய சோற்றைக் கையாற் பிசைந்து உண்டுகொண்டிருந்தார். அவர்களும் கையால் உண்பவர்களே. "கமாய்" என்றால் கை. கையால் உண்ணும் விருந்துக்கு "கமாயன்" என்று பெயர். ஸ்பானியர் 1565 முதல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகவும், அமெரிக்கர் 1898 முதல் 1946 வரையிலும் அந்நாட்டை ஆண்டனர். கரண்டியும் முள்ளும் மேசைக்கு வந்தன; கை மறக்கவில்லை. நாமும் கரண்டியை ஒதுக்கிவைத்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தோம். பள்ளிக்கூடத்திலே பிறர் பார்ப்பார்கள் என்று வீட்டுச் சோற்றைக் கொண்டுபோக மறுக்கும் பேத்தி, எம்மையும் அம்முதியவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பின்னர் மெல்லத் தானும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

கடைசியாக வந்தது புட்டு. ஆம், அவர்கள் மொழியிலும் அதற்குப் "புத்தோ" என்றே பெயர். அரிசிமாவை ஆவியில் அவித்த சிறு வெண்ணிறப் பணியாரங்கள் சாதாரண நாளிற் கிடைப்பவை. மார்கழியில் மட்டும் விசேடமாய்ச் செய்வது "புத்தோ பும்போங்". பும்போங் என்றால் மூங்கிற் குழல். ஊறவைத்து அரைத்த அரிசியைக் குழலிலே அடைத்து, ஆவியில் வைத்து, வெந்ததும் வாழையிலையிலே தட்டி, தேங்காய்ப் பூவும் கருஞ்சர்க்கரையும் தூவித் தருகின்றார்கள். நிறம் மட்டும் ஊதா. அந்நாட்டுக் கருநிற அரிசியால் வருவது. மலாய் நாடுகளிற் புட்டு என வழங்கும் சொல் தமிழிலிருந்து சென்றது என்பர் பலர். அதன் உறவாகவே பிலிப்பைன்ஸ் நாட்டுச் சொல்லையும் கருதுவோர் உளர். சொல் எந்தக் கப்பலிற் போயிற்று என்பதை யார் அறிவார்? ஆயினும் போயிருக்கின்றது.

அந்தப் பணியாரத்தின் காலமும் எமக்குப் பழக்கமானதே. கிறிஸ்துமஸுக்கு முன்னர், டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள், விடியுமுன் எழுந்து கோயிலுக்குச் செல்வது அந்நாட்டுக் கத்தோலிக்கரின் வழக்கம். பூசை முடிந்து இருளில் வெளியே வரும்போது, கோயில் வாசலிலே ஆவி பறக்க இது விற்கப்படும். எமது ஊரிலே திருவெம்பாவைக் காலத்தில், சங்கொலி கேட்டு எழுந்து, குளிரிலே முழுகி, கோயிலுக்குப் போய், கையிற் சுடச்சுடப் பிரசாதம் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தச் சுகம் தெரியும்.

கூட்டம் குறைந்த பின்னர் கடைக்கார அம்மையார் எமது மேசைக்கு வந்தார். மகன் அவருக்கு எம்மை அறிமுகம் செய்தார். அவர் முதலில் வீட்டுப் பணிக்கும் முதியோர் பராமரிப்புக்கும் வந்தவராம். 1992 இலே கனடா வகுத்த பராமரிப்பாளர் திட்டத்தின் வழியாக அவ்வாறு வந்த பெண்கள் பலர். ஊரிலே தமது பிள்ளைகளை விட்டுவிட்டு, பிறர் வீட்டில் தங்கி, பிறர் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். 1974 ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தொகுப்பின் பின் வெளிநாட்டு வேலைக்கு ஆட்களை ஒழுங்காய் அனுப்பத் தொடங்கிய நாடு அது. அண்ணரின் கப்பலிலே சமைத்தவரும் அந்தப் பெருக்கிலே வந்த ஒருவராய் இருந்திருக்கலாம்.

அவ்வேளை ஓர் இளைஞன் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். இரவு வேலை முடித்து வந்தவன் என்பது முகத்திலே தெரிந்தது. அம்மையார் பேச்சை நிறுத்திவிட்டு அவனை நோக்கி, "குமாயின் கா நா?" என்றார். அதற்கு என்ன பொருள் என்று கேட்டோம். "சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்டேன். நாங்கள் சுகம் கேட்பதே அப்படித்தான். ஆறு வருடம் என் பிள்ளைகளிடம் தொலைபேசியில் முதலிற் கேட்டதும் அதுதான்" என்று ஆங்கிலத்திற் சொன்னார். "அவர்கள் சாப்பிட்டோம் என்று சொன்னால் நம்பினீர்களா?" என்று நாம் கேட்டோம். அவர் சற்று யோசித்து, "இல்லை" என்றார். பின்னர் சிரித்தார். அம்மாவின் நினைவு எமக்கு அப்போது வந்தது.

வெளியே வரும்போது, அண்ணர் இங்கே வந்து என்ன பேசுவார் என்று மகனிடம் கேட்டோம். "ஒண்டும் பேசார். புளிச்சாறு குடிச்சு முடிச்சிட்டு, ஒரு முறை மட்டும் சொன்னவர், அப்பம்மாவை இங்க ஒருக்காக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேணும் எண்டு." எமது பதிற் கடிதத்தைப் பற்றி அவர் சொன்னாரா என்று கேட்க நா எழவில்லை. சொல்லியிருக்க மாட்டார் என்பதை நாம் அறிவோம்.

ஊர் திரும்பியபின் அண்ணரின் ஆண்டுத் திவசம் வந்தது. வழக்கமான படையலோடு, மூங்கிற் குழலில் அவித்த புட்டையும், தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் தூவி, ஓர் இலையிலே வைத்தோம். ஏன் என்று வீட்டார் கேட்டனர். அப்போதுதான் அந்தக் கடைசி வரியைப் பற்றி முதன்முறையாக வாய்திறந்து சொன்னோம்.

இன்று எமது வீடுகளிலே பிள்ளைகள் இல்லாத ஊர்கள் மிகுதி. பிள்ளைகள் உள்ள ஊர்களோ உலகெங்கும் பரந்தவை. ஒவ்வொரு நாளும் தொலைபேசியிலே அதே வினா போகின்றது. அதே விடை வருகின்றது. பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. தூரத்திலே இருக்கும் பிள்ளை "நன்றாய்ச் சாப்பிட்டேன்" என்று சொன்னால் நம்புங்கள். நம்பிய பின், என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தார், அதன் பெயர் என்ன என்று கேளுங்கள். எங்கோ ஒரு கப்பலிலோ கடையிலோ, நாம் பெயர் அறியாத ஒருவர் எம் பிள்ளைக்குப் புளி கரைத்துச் சாறு வைத்திருக்கக் கூடும். எமது அண்ணருக்கு அப்படி ஒருவர் வைத்தார். அம்மா போட்ட அந்த ஒரு பிடி அரிசி, அவர் கையாலேதான் அண்ணரின் இலைக்குப் போய்ச் சேர்ந்தது என்று இப்போது எண்ணிக்கொள்கின்றோம்.